டானிக்குக்கு முன் டயரைப் பாருங்கள்

"சைக்கிள் மிதிச்சா கால் வலிக்குதும்மா" என்று பெண் சொன்னால், டானிக் வாங்குமுன் டயரை அமுக்கிப் பாருங்கள், சகோதரிகளே. காற்றுக் குறைந்தால் மிதி கனக்கும். கல்லில் ஏறினால் ரிம் நசுக்கி ட்யூப் பஞ்சராகும். எங்கள் இராஜபாளையத்தில் என் மகள் டியூஷன் முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். நடு ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரலாமா?

எவ்வளவு காற்று வேண்டும்? டயரின் பக்கவாட்டிலேயே பி.எஸ்.ஐ. என்று எண் போட்டிருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

அளக்கப் பேனா மாதிரி கையடக்கக் கேஜ் கிடைக்கிறது. வாங்குமுன் வால்வைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வு என்றால் கேஜ் பிடிக்கும். பழைய சைக்கிளின் வால்டியூப் காற்றை உள்ளே விடுமே தவிர வெளியே விடாது. கேஜ் ஒன்றும் காட்டாது. அதற்குக் கட்டைவிரல்தான். பிள்ளையை ஏறி உட்காரச் சொல்லியும் பாருங்கள். பின் டயர் தட்டையாகப் பிதுங்கினால் காற்றுப் போதாது.

வெயிலில் நின்ற டயர் எண்ணைக் கூட்டிக் காட்டும். அதனால் நான் ஞாயிறு காலையில், கோலம் போட்ட கையோடு பார்த்துவிடுவேன். காற்று சரியாக இருந்தும் வலி போகவில்லையா? அப்போது டாக்டரிடம் காட்டுங்கள்.