முயலுக்கு மப்ளர் வேண்டாம்!

மார்கழி வந்துவிட்டால் சேலம், நாமக்கல்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது. ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கினால் போதும். 'என்னா குளிருங்க!' என்று குரங்குக் குல்லாவும் மப்ளருமாக டீக்கடையில் நிற்போம். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிற ஆள் அரைக்கைச் சட்டையில் நின்றுகொண்டு நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். 'நமக்கே இப்படி என்றால் வாயில்லா ஜீவன் எப்படித் தாங்கும்?' என்று அடுத்து ஓர் இரக்கம் வரும் பாருங்கள்... அதில்தான் ஆபத்து. முக்கியமாக, கொல்லைப்புறத்தில் முயல் வளர்க்கிறவர்களுக்கு வரும் இரக்கம்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவர் மாமனாரும் இந்தப் பத்திரிகைதான் படிக்கிறார்) ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் வருகிறவர். சைடு வருமானத்துக்கென்று இரண்டு பெண், ஒரு ஆண், ஆக மூன்று முயல் வாங்கிவிட்டார். சினைக்காலம் 31 நாள், ஈற்றுக்கு ஆறு குட்டி என்று ஆபீஸ் சர்க்குலரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டதில், மூன்றாவது வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டுக் கார் வாங்குவதாக விடை வந்தது! கணக்கில் தப்பில்லை. 1859-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு துரை, வேட்டையாட ஆசைப்பட்டு 24 முயலை அவிழ்த்துவிட்டு, அந்தக் கண்டமே பிறகு வேலி கட்டித் திண்டாடியதே! ஆனால் 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்களும் இப்படித்தான் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். எனக்கு அந்தச் சர்க்குலரைப் பார்த்ததும் லேசாக வயிற்றைக் கலக்கியது.

போன மார்கழியில் ஒரு முயல் சினையாக இருந்தது. மாமியார் வந்து பார்த்தார். "மாப்பிள்ள, பனி நெஞ்சுல எறங்கிப்போயிருமுங்க. மூடி வைங்க" என்றார். மாமியார் சொல்லை மீறின மாப்பிள்ளை கொங்கு நாட்டில் உண்டா? செவ்வாய்ப்பேட்டையில் தார்ப்பாய் வாங்கி, கூண்டை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, மேலே சாக்கும் போட்டார். நாலாம் நாள் முயல் தும்ம ஆரம்பித்தது. 'பாத்தீங்களா, குளிரு!' என்று இன்னொரு சாக்கு!

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தார்ப்பாயின் ஓர் ஓரத்தைத் தூக்கினதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாசத்தில் இல்லை. முயல் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா! மனுஷன் ஒரு நிமிஷம் நிற்க முடியாத அந்த நெடியில் அது நாலு நாளாக மூச்சு விட்டிருக்கிறது. மூக்கு புண்ணாகி, கிருமி சுலபமாக உள்ளே போய், சளி, நிமோனியா என்று போய்ச் சேருவது இந்த வழியில்தான். குளிர் மேல் பழி போட்டு என்ன பிரயோஜனம்?

வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். (நம்ம ஊர்க் காட்டு முயல் வேறு ஜாதி. அதைப் பிடித்தால் 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் நீங்கள் கூண்டுக்குள் போக வேண்டிவரும்!) வளர்ந்த முயலுக்கு 15 முதல் 25 டிகிரிதான் சொகுசு. கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தில் முயல் வளர்க்கிறார்கள். இமாசலத்தில் குலு பக்கம் கார்சாவில் ரோமத்துக்காக அங்கோரா முயலே வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிருக்கு முன்னால் நம்ம மார்கழி எம்மாத்திரம்? உடம்பு முழுக்கக் கம்பளி போட்டுக்கொண்டு பிறந்த பிராணிக்கு நாம் மப்ளர் கட்டுகிறோம்.

அதற்குத் தேவை, நனையாத உடம்பும் நல்ல காற்றும். வாடைக் காற்று அடிக்கிற வடக்குப் பக்கம் மட்டும் ஒரு சாக்கு. அதிலும் மேலே ஒரு சாண் திறந்திருக்கணும். அடியில் சேருகிற புழுக்கையையும் மூத்திரத்தையும் தினம் அள்ளணும். பனி சொட்டுகிற புல்லை அப்படியே போடாமல் வெயிலில் வாட விட்டுப் போடணும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். வேலிமசால், கடலைக்கொடி எல்லாம் நம்ம பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. முயல் மசால் என்று இதன் பேரிலேயே ஒரு தீவனம் இருக்கிறது! தும்மல் நிற்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு வைத்தியம் வேண்டாம். நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறுங்கள்.

தார்ப்பாயைப் பிரித்தோம். மாமியார் என்னோடு அன்று பேசவில்லை.

ஆனால் மாமியார் பயந்ததிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. பிறந்த குட்டிக்கு மட்டும் குளிர் எமன்தான். ரோமமில்லை, கண் திறக்கப் பத்து நாள் ஆகும், எடை சுமார் 50 கிராம். தாய் தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை போடும். அதற்கு நாம் ஒரு மரப்பெட்டியும் காய்ந்த புல்லும் முன்கூட்டியே வைத்திருக்கணும். பால் கொடுப்பது நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ, மூன்று நாலு நிமிஷம்தான். 'பெத்தவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாளே!' என்று மாமியார் அங்கலாய்த்தார். வயிறு உருண்டையாக இருந்தால் குடித்தாயிற்று என்று அர்த்தம்.

ஏழு குட்டி போட்டது. மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு நண்பர் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு குட்டி பெட்டிக்கு வெளியே கம்பி வலைமேல் கிடக்கிறது. பால் காம்பைக் கவ்விக்கொண்டே தாயோடு வெளியே வந்து விழுந்திருக்கும். பூனை மாதிரி கவ்விக்கொண்டு போய் உள்ளே விடும் பழக்கம் முயலுக்குக் கிடையாது. குட்டி ஜில்லென்று, விறைத்து, நீலம் பாய்ந்து... 'போயிருச்சுங்க, பொதைச்சுருங்க' என்றார் அவர் மனைவி.

முயல் குட்டி விஷயத்தில் ஒன்று உண்டு. சூடேற்றிப் பார்க்காமல் செத்ததாக முடிவு கட்டக்கூடாது. நண்பர் அதை உள்ளங்கையில் பொத்தி, ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்புப் பக்கமோ வெந்நீரிலோ திடீர்ச் சூடு காட்டவில்லை. ஏழு மணி பஸ் போயிற்று. எனக்கு போன்.

"அண்ணா, லீவ் லெட்டர் நீங்களே எழுதிக் குடுத்துருங்கண்ணா. என்ன காரணம் போடறதுன்னுதான் தெரியல..."

"எப்படி இருக்கு இப்ப?"

"ஒரு கால் லேசா அசைஞ்ச மாதிரி இருக்குங்கண்ணா. நெசமா, என் நெஞ்சு துடிக்குதான்னு தெரியல."

'குடும்பத்தில் உடல்நலக் குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லையே!

எட்டரைக்கு மறுபடி போன். வாய் திறக்கிறதாம். பெட்டிக்குள் மற்ற ஆறின் நடுவே புதைத்துவிட்டாராம். மனுஷன் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீட்டு முயல் விஷயத்தில் வெறும் கட்டுக்கதை. மறுநாள் அதன் வயிறும் உருண்டையாக இருந்தது. ஏழில் ஒன்று பிறகு தவறிப்போனது. அது இந்தக் குட்டியில்லை. மாசியில் கறிக்கு ஆள் வந்தபோது நண்பர் ஐந்தைத்தான் எண்ணிக் கொடுத்தார். சர்க்குலர் கணக்கு அங்கேயே உதைத்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நிஜமான ஆபத்து சித்திரையில் இருக்கிறது. முயலுக்கு வியர்வையால் உடம்பைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. சூடு வெளியேறுவதே பெரும்பாலும் அந்த நீளக் காது வழியாகத்தான். 30 டிகிரி தாண்டினாலே இளைக்கும். சேலத்தில் 38, 40 அடிக்கும்போது ஆண் முயலுக்கு மலட்டுத்தன்மை வந்து, வெயில் தணிந்த பிறகும் ஒன்றரை இரண்டு மாசம் சேர்க்கை பலிக்காது. மூச்சிரைத்துச் செத்தும் போகும். தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். நண்பர் மாசியிலேயே கூண்டை வேப்பமரத்தடிக்கு மாற்றி, மேலே தென்னங்கீற்று போட்டு, மத்தியானத்துக்கு ஈரச்சாக்கு தொங்கவிட ஏற்பாடு செய்துவிட்டார். மத்தியானம் சாக்கை நனைக்கும் டியூட்டி மாமியாருடையது.

தார்ப்பாயும் வீண் போகவில்லை. அதில்தான் அவர் நிலக்கடலை காயப்போடுகிறார்.