ஒரு வீரனின் பெயரும் ஓர் ஊரின் பெயரும்

கடலை அறியாத ஓர் ஊரின் நடுவே நீர்மூழ்கிக் கப்பலொன்று புல்தரையில் நிற்கிறது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள ஹோல்புரூக் என்பதே அவ்வூர். 2013இல் புறவழிச்சாலை திறக்கப்படும் வரை, சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் இடையிலான ஹியூம் பெருந்தெரு அதன் ஊடாகவே சென்றது. அவ்வழியே பயணித்த எம்மவர் பலர் அக்கப்பலின் முன் நின்று படம் எடுத்திருப்பர். அது ஏன் அங்கே நிற்கிறது என்பதைக் கேட்டவர் சிலராகவே இருப்பர்.

கதை 1914 டிசம்பர் 13ஆம் திகதி தொடங்குகிறது. பிரித்தானியக் கடற்படையின் லெப்டினன்ட் நோர்மன் ஹோல்புரூக்கிற்கு அப்பொழுது வயது 26. அவரது பொறுப்பில் இருந்த பி 11 என்னும் நீர்மூழ்கி அக்காலத்திலேயே பழையது. மேற்பரப்பில் பெற்றோல் இயந்திரத்தாலும் நீருக்கடியில் மின்கலங்களாலும் ஓடுவது. அதனைக் கொண்டு ஒட்டோமான் பேரரசின் காவலில் இருந்த டார்டனெல்ஸ் நீரிணைக்குள் அவர் நுழைந்தார். எதிர்த்து வரும் வேகமான நீரோட்டம் ஒருபுறம்; ஐந்து வரிசைகளாக இடப்பட்டிருந்த கடற்கண்ணிகள் மறுபுறம். அவற்றின் அடியால் நழுவிச் சென்று, நங்கூரமிட்டிருந்த மெசூதியே என்னும் போர்க்கப்பலை டோர்பிடோவினால் தாக்கினார்.

மெசூதியே சுமார் பத்து நிமிடங்களில் கவிழ்ந்தது. மூழ்கும் வேளையிலும் அதன் பீரங்கிகள் நீர்மூழ்கியை நோக்கிச் சுட்டன. பி 11 திரும்பும் வழியில் அதன் திசைகாட்டியின் கண்ணாடி ஆவி படிந்து மங்கிப்போயிற்று. திசை தெரியாமல், கடலடியில் மோதி, கரையை அவ்வப்போது நோக்கி வழி கண்டு, ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் நீருக்கடியில் கழித்த பின்னர் அக்கலம் மீண்டது. உள்ளே இருந்தவருள் ஒருவரும் இறக்கவில்லை. ஹோல்புரூக்கிற்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. நீர்மூழ்கி மாலுமி ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

இது வீரம் அல்ல என்று எவரும் கூறமுடியாது. எனினும், இத்தகைய செயல்களை எழுதும்போது மறுபக்கத்தையும் எழுதிவைப்பது பத்திரிகையாளனின் கடமை என்றே நான் எண்ணுகிறேன். மெசூதியேயில் 37 பேர் மாண்டனர். கவிழ்ந்த கப்பலின் அடிப்பாகத்தைத் துளைத்து வேறு பலர் மீட்கப்பட்டனர். 1874இல் லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் கட்டப்பட்டது அக்கப்பல். பிரித்தானியர் கட்டி விற்றதைப் பிரித்தானியரே மூழ்கடித்தனர். எதிரிக் கப்பலில் இருந்தோரின் தொகைக்குத் தலைக்கு 5 பவுண் என்று கணக்கிட்டு, பி 11இன் மாலுமிகளுக்கு 3,500 பவுண் வெகுமதி வழங்கப்பட்டது. போர் மனிதனுக்கு விலை வைக்கும் முறை இவ்வளவு எளிமையானது.

ஹோல்புரூக் என்ற ஊருக்கு அப்பொழுது ஜேர்மன்டன் என்று பெயர். முந்திய நூற்றாண்டில் ஜேர்மானியர் ஒருவர் அங்கு விடுதி நடத்தியதை ஒட்டி வழங்கி வந்த பெயர் அது. போர் மூண்டதும் அப்பெயர் அவமானமாயிற்று. 1915 ஆகஸ்டில் ஊரின் பெயர் மாற்றப்பட்டது. தேடப்பட்டது ஒரு மாற்றுப்பெயர்; கிடைத்தது அந்நாளின் வீரனது பெயர். அந்த வீரன் அவ்வூரை அதற்குமுன் கண்டதுமில்லை. அவன் மூழ்கடித்தது ஜேர்மானியக் கப்பலுமன்று.

ஓர் ஊரோடு இது நிற்கவில்லை. தென் அவுஸ்திரேலியாவில் 1917ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் 69 ஜேர்மானிய இடப்பெயர்கள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ 7,000 பேர் முகாம்களில் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் அந்நாட்டில் நெடுங்காலம் குடியிருந்து பிழைத்தவர்கள். ஹான்டோர்ஃப் முதலிய சில ஊர்கள் 1935இல் தம் பழைய பெயரை மீளப்பெற்றன.

இதே காலத்தில் எமது மொழி செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். 1914 செப்டெம்பரில் சென்னையைத் தாக்கிய ஜேர்மானியக் கப்பல் எம்டன். அதன் பெயரை நாம் அழிக்கவில்லை. சூரனையும் எத்தனையும் குறிக்கும் சொல்லாக நாவில் ஏற்றிக்கொண்டோம். பகைவனின் திறமையை ஒப்புக்கொள்ளும் மனம் அச்சொல்லில் இருக்கிறது. ஊர்ப்பெயர் மாறும்போது உள்ளம் படும் பாட்டையும் எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை.

ஹோல்புரூக்கின் பிற்கால வாழ்வு இதற்கு வேறொரு முடிவை எழுதியது. தன் பெயர் தாங்கிய ஊருக்கு அவர் முதுமையில் பலமுறை சென்றார். 1976இல் காலமானார். அவரது இரண்டாம் மனைவி குன்டுலா, ஒஸ்திரியாவில் பிறந்தவர். அதாவது, 1914இல் பிரித்தானியாவுடன் போரிட்ட நாட்டின் மகள். ஓய்வுபெற்ற ஒட்வே என்னும் அவுஸ்திரேலிய நீர்மூழ்கியின் உடலை ஊருக்குப் பெற ஊரார் பணம் திரட்டியபோது, அவர் ஒரு லட்சம் டொலர் கொடுத்தார். 1997இல் அது அங்கே நிறுவப்பட்டது.

கலம் நிற்கும் பூங்காவின் பெயர் என்ன தெரியுமா? ஜேர்மன்டன் பூங்கா.

வீரனைப் போற்றுவது வேறு. அவன் பெயரைக் கொண்டு அயலவனின் பெயரை அழிப்பது வேறு. முதலாவது வீரனுக்குச் செய்யும் மரியாதை; இரண்டாவதில் அவனுக்குப் பங்கில்லை. பி 11இன் மாலுமிகள் உயிரைப் பணயம் வைத்தது ஒரு போர்க்கப்பலுக்கு எதிராக. விடுதி நடத்திய ஒரு மனிதனின் நினைவுக்கு எதிராக அல்ல. அந்த வேறுபாட்டை அவ்வூர் பிந்தியேனும் உணர்ந்து, இரு பெயர்களுக்கும் இடம் அளித்தது. நினைவுச்சின்னங்களை எழுப்பும் நாடுகள் அனைத்தும் இதனைச் சற்றுக் கவனித்தால் நன்று.