ஒப்போலையில் உயிர்த்த மொழி

யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டு என்பது பொருள். செய்யுளைக் கட்டி நிறுத்துவது செய்யுள் யாப்பு; ஆட்சியைக் கட்டி நிறுத்துவது அரசியல் யாப்பு. செய்யுளில் ஒரு சீர் பிறழ்ந்தால் ஓசை கெடும், அவ்வளவே. அரசியல் யாப்பில் ஒரு சொல் பிறழ்ந்தாலோ ஓர் இனத்தின் வாழ்வே கெடும்! எனவே, அந்த யாப்பை எழுதுவோர் யாவர்? திருத்துவோர் யாவர்? திருத்துங்கால், அதற்குட்பட்டு வாழ வேண்டிய மக்களை ஒரு சொல்லேனும் கேட்கின்றனரா? இவ் வினாக்கள் வழக்கறிஞர்கட்கு மட்டும் உரியவை அல்ல. தம் மொழி தம் மண்ணில் ஆள வேண்டும் என்று விழைகின்ற ஒவ்வொருவரும் கேட்டுத் தெளிய வேண்டிய வினாக்கள் இவை.

அமெரிக்க ஒன்றியத்தில் 50 மாநிலங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அரசியல் யாப்பு உண்டு. நடுவண் யாப்பைத் திருத்துதற்கு ஆங்கு மக்களின் ஒப்போலை (வாக்கு) கேட்கப் பெறுவதில்லை. ஆனால், மாநில யாப்பைத் திருத்த வேண்டுமெனில், தெலாவேர் என்னும் ஒரு சிறு மாநிலம் நீங்கலாக எஞ்சிய 49 மாநிலங்களிலும், சட்டமன்றம் வரைந்த திருத்தத்தை மக்கள்முன் வைத்தே ஆகவேண்டும். மக்கள் 'ஆம்' என்றால் அது யாப்பில் ஏறும். 'இல்லை' என்றால் குப்பையிற் சேரும். இம் முறையினால் ஒரு மொழி உயிர்த்தெழுந்த வரலாற்றையும், இம் முறையே பிற மொழிகளை ஒடுக்கும் கருவியாகிய வரலாற்றையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்ப்பதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

அமைதிப் பெருங்கடலின் நடுவே கிடக்கும் அவாயித் தீவுகள் ஒருகாலத்தில் தன்னுரிமை பெற்ற தனியரசாக விளங்கின. 1840-ஆம் ஆண்டிலேயே மூன்றாம் கமேகமேகா என்னும் அரசன், தன் மக்களின் தாய்மொழியிலேயே எழுதப்பெற்ற அரசியல் யாப்பொன்றைத் தன் நாட்டுக்கு வழங்கினான். அம் மொழியிற் செய்தித்தாள்கள் பல வெளிவந்தன. பள்ளிகளில் அம் மொழியே ஒலித்தது.

பின்னர் வந்தனர் கரும்புத் தோட்ட முதலாளிகள்! 1887-இல் அவர்களும் அவர்தம் படையணியும் கலாகவுவா என்னும் அரசனை அச்சுறுத்திப் புதியதொரு யாப்பிற் கையொப்பமிடச் செய்தனர். அரசனின் அதிகாரம் பறிபோயிற்று. உடைமையும் வருவாயும் இல்லாத மண்ணின் மக்கள் மேலவைத் தேர்தலில் ஒப்போலை இடும் உரிமையை இழந்தனர். அந்த யாப்பை மக்கள்முன் எவரும் வைத்தாரல்லர். துமுக்கியின் நுனியிற் செருகும் கத்தியின் பெயரையே அதற்குச் சூட்டி இகழ்ந்து வைத்துள்ளது வரலாறு. இக் கொடுமையைப் போக்கப் புதிய யாப்பொன்றை அறிவிக்க முனைந்த அரசி இலிலியுவோகலானி, 1893 சனவரியில், அமெரிக்கப் படைமறவர் கரையிறங்கி நிற்க, அரியணையினின்று இறக்கப்பட்டார். 1897-இல் மண்ணின் மக்கள் 21,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு, அமெரிக்காவுடன் தம் நாட்டை இணைத்தல் கூடாதென முறையிட்டனர். கேட்பார் இல்லை. 1898-இல் தீவுகள் இணைக்கப்பட்டன.

நாட்டைப் பறித்தவர் நாவையும் பறிக்காமல் விடுவரோ? 1896-இலேயே, பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் செய்துவிட்டனர். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் ஒறுக்கப்பட்டனர். அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராகியபோது, தம் பிள்ளைகட்கு அந்த அடி விழலாகாதென்று எண்ணித் தம் மொழியைத் தாமே மறைத்தனர். ஒரு மொழி சாகும் வழி இதுதான். ஒரு தலைமுறை அடிக்கு அஞ்சும்; அடுத்த தலைமுறை நாணும்; மூன்றாம் தலைமுறைக்கு நாணுதற்கும் மொழி இராது! 1980-களின் தொடக்கத்தில், அம் மொழியைத் தடையின்றிப் பேசவல்ல சிறுவர் 50 பேர்கூட இல்லை என்று கணக்கிட்டனர்.

இந் நிலையில்தான் 1978-ஆம் ஆண்டு வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த பேராளர் 102 பேர் ஒரு யாப்பு மன்றமாகக் கூடினர். அவாயியர் நலக் குழுவுக்கு அடிலெயிட் தெசோட்டோ என்னும் பெண்மணி தலைமை தாங்கினார். மன்றம் வரைந்த திருத்தங்கள் 34 வினாக்களாகத் தொகுக்கப்பெற்று, அவ்வாண்டு நவம்பரில் மக்கள்முன் வைக்கப்பட்டன. ஆங்கிலத்தோடு அவாயி மொழியும் மாநிலத்தின் ஆட்சிமொழி ஆகும் என்பதும், அவாயியரின் மொழி, வரலாறு, பண்பாடு ஆகியவற்றின் கல்வியை அரசு வளர்த்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கியவை. மக்கள் ஏற்றனர். ஒன்றிய மாநிலங்களுள், மண்ணின் மொழியை ஆட்சிமொழியாக்கிய முதல் மாநிலம் என்னும் பெயர் அவாயிக்கு வாய்த்தது.

இங்கு ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். அந்நாளில் அம் மாநில மக்களுள் மண்ணின் மைந்தர் ஐந்தில் ஒரு பங்கினும் குறைந்தவரே. யப்பானியர், பிலிப்பீனர், சீனர், வெள்ளையர் ஆகியோர் வழிவந்தவரே பெரும்பான்மையர். தமக்கு உரிமையல்லாத ஒரு மொழிக்கு, அம் மண்ணுக்கு உரிய மொழி என்பதற்காகவே, அவர்களும் ஒப்பினர்! அதே ஒன்றியத்தின் பிற மாநிலங்களில் நடந்தது என்ன? கலிபோர்னியாவில் 1986-லும், புளோரிடா, கொலராடோ, அரிசோனா ஆகிய மூன்றிலும் 1988-லும், ஆங்கிலமே ஆட்சிமொழி என்னும் திருத்தத்தை மக்கள் தம் ஒப்போலையாலேயே யாப்பில் ஏற்றினர். புளோரிடாவில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் அதற்கு ஒப்பினர். அரிசோனாவில் அது நூலிழையில் வென்றது. பத்தாண்டு கழித்து, 1998-இல், பேச்சுரிமைக்கு மாறானதென்று அம் மாநிலத் தலைமை வழக்குமன்றமே அதனை நீக்கிற்று. ஆயினும் 2006-இல் மற்றொரு வடிவில் மீண்டும் வந்து வென்றது.

ஆகவே, மக்கள் ஒப்போலை என்பது ஒரு கத்தி. தாயின் கையில் அது கனியறுக்கும். கள்வனின் கையில் கழுத்தறுக்கும். பெரும்பான்மை என்பதனாலேயே ஒன்று நயன்மை ஆகிவிடாது. சிறுபான்மை மொழிக்கும் இடம் தரும் நெஞ்சு பெரும்பான்மைக்கு இருந்தால்தான் ஒப்போலை உயிர் காக்கும். இதனை மறந்து, "மக்களைக் கேட்டால் போதும்" என்று மட்டும் முழங்குவது அரைகுறை அறிவாகும்.

மக்கள் ஒப்பிய பின்னும் அவாயி மொழிக்கு நேர்ந்த இடையூறுகள் நாம் கற்க வேண்டிய பாடங்களாகும்.

முதலாவது, சட்டத்தின் வாலில் ஒளிந்திருந்த முள். அவாயி ஆட்சிமொழி என்று கூறிய அதே தொடர், பொது நடவடிக்கைகளிற் சட்டம் வகுத்தவிடத்து மட்டுமே அம் மொழி கட்டாயம் ஆகும் என்று முடிந்தது. முன்கையாற் கொடுத்ததைப் பின்கையாற் பிடித்துக்கொண்ட கதை இது! ஆட்சிமொழி என்று பெயர் பெற்ற பின்னரும், பள்ளிகளில் இருந்த பழைய தடை எட்டாண்டுகள் நீடித்தது. 1986-இல்தான் அது நீங்கிற்று. ஒரு திருத்தத்தைப் படிப்போர் அதன் தலையை மட்டும் பார்த்துக் கைதட்டலாகாது; "ஆயினும்", "நீங்கலாக", "மட்டும்" என்னும் சொற்கள் எங்கே நிற்கின்றன என்று தேடிப் பார்க்க வேண்டும். இலக்கணம் கற்றவர்க்கு இஃது எளிது. ஓர் இடைச்சொல் பொருளையே புரட்டிவிடும் என்பது நம் இலக்கணப் பாடந்தானே!

இரண்டாவது, விளங்காமல் இட்ட ஒப்போலை செல்லாது என்பது. 1978-இன் திருத்தங்களுள், அவாயியர் எனப்படுவோர் யாவர் என்று வரையறுத்த பகுதி, மக்களுக்கு முறையாக எடுத்து விளக்கப்படாமையின், முறைப்படி ஏற்கப்பட்டதாகாது என்று 1979-இல் அம் மாநிலத் தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. எத்துணை உயர்ந்த கோட்பாடு! மக்களின் ஒப்புதல் என்பது தாளில் விழும் கீறல் அன்று; அறிந்து ஒப்புவதே ஒப்புதல். மக்களுக்கு விளங்காத மொழியில், விளங்காத நடையில் சட்டம் எழுதி, அதற்கு மக்கள் ஒப்புதல் உண்டென்று கூறுவது ஏமாற்று.

மூன்றாவது, வாய்மூடியிருப்பதன் விளைவு. அவாயியில் ஒரு திருத்தம் வெல்வதற்கு, 'ஆம்' என்போர் 'இல்லை' என்போரினும் மிகுந்திருந்தால் மட்டும் போதாது. பொதுத்தேர்தலில் ஒப்போலை இட்டோர் அனைவருள்ளும் அவர் பாதியேனும் இருத்தல் வேண்டும். அந்த வினாவில் ஒன்றும் குறிக்காமல் வெற்றிடமாக விட்டவனும் எதிர்த்தவனாகவே கணக்கில் நிற்பான். 1996-இல், மீண்டும் ஒரு யாப்பு மன்றம் கூட்டலாமா என்று மக்களைக் கேட்டபோது, 'ஆம்' என்றவரே சற்று மிகுதி. ஆனால், 45,000-க்கும் மேற்பட்டோர் வெற்றிடமாக விட்டிருந்தனர். அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று வழக்குமன்றம் கூறவே, மன்றம் கூடவில்லை. வகுப்பறையிற் பல்லாண்டு விடைத்தாள் திருத்தியவர் அறிவர்: தவறாக எழுதியவனுக்கும் எழுதாமல் விட்டவனுக்கும் கிடைப்பது ஒரே சுழிதான். வரலாறும் அவ்வாறே மதிப்பெண் இடுகின்றது.

அப்படியாயின், 1978-இன் ஒப்போலையால் விளைந்த பயன் என்ன? கதவு திறந்தது, அவ்வளவே. உள்ளே நுழைந்து விளக்கேற்றியவர் மக்கள். 1983-இல் ஒரு சிறு குழுவினர், மழலைகட்குத் தாய்மொழியிலேயே அனைத்தையும் பயிற்றும் பள்ளிகளைத் தொடங்க முனைந்தனர். 'பூனான லேயோ' என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். 'குரற்கூடு' என்பது அதன் பொருள். முதற் பள்ளி 1984-இல் தோன்றியது. 1987-இல் அரசுப் பள்ளிகளிலும் அவாயி வழிக் கல்வி தொடங்கிற்று. 1999-இல், முழுதும் தாய்மொழி வழியே பயின்ற முதல் மாணவர் பள்ளியிறுதி முடித்து வெளிவந்தனர். இன்று அம் மொழியில் ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெறலாம்.

2018-இல் மாவி என்னும் தீவின் வழக்குமன்றத்தில் ஆசிரியர் ஒருவர் நடுவரின் வினாவுக்குத் தம் தாய்மொழியில் விடையிறுத்தார். அவர் அங்கு வந்திருப்பதாகவே கொள்ளாமல் நடுவர் பிடியாணை பிறப்பித்தார்! கண்முன் நிற்கும் மாந்தன், தன் நாட்டின் ஆட்சிமொழியிற் பேசியதால் இல்லாதவன் ஆகிவிட்டான். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் மறுநாளே அவ்வாணை நீக்கப்பட்டது. வழக்குமன்றங்களில் அவாயி மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் நெறியும் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2019-இல், இலானாயி என்னும் சிறு தீவின் தாய் ஒருத்தி, தன் பெண்மக்கட்கு அவாயி வழிக் கல்வி இல்லையென்று தொடுத்த வழக்கில், அக் கல்வி கிட்டுதற்கு உரிய முயற்சியை அரசு செய்தே ஆகவேண்டும் என்று தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. எதன் வலிமையால்? 1978-இல் மக்கள் ஒப்பிய அந்தக் கல்விக் கூற்றின் வலிமையால்! 41 ஆண்டுகட்கு முன் இட்ட ஓர் ஒப்போலை, அன்று பிறவாத குழந்தைக்காக வழக்குமன்றத்தில் எழுந்து நின்று பேசிற்று.

தமிழன்பர்களே! இதனைப் படிக்கும்போது நம் நிலை நெஞ்சிற் குத்தவில்லையா? நமக்கெனத் தனியே ஒரு மாநில யாப்பு இல்லை. இந்திய யாப்பைத் திருத்துதற்கு மக்களின் நேரிடை ஒப்போலை என்றும் கேட்கப்பட்டதில்லை. 1976-இல் 42-ஆவது திருத்தத்தால், மாநிலத்தின் கையிலிருந்த கல்வி பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு சனவரி இறுதியிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. மக்களைக் கேட்கவில்லை என்பது ஒருபுறம் இருக்க, மக்களுக்காகப் பேசச் சட்டமன்றமும் அன்று இங்கு இல்லை! நம் பிள்ளைகள் எதனை எம் மொழியிற் கற்பது என்னும் உயிரான உரிமை, நம்மிடம் ஒரு சொல்லும் கேளாமல் இடம் பெயர்ந்தது. அவாயிச் சிற்றூரின் மீனவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் கிடைத்த அந்த ஒரு துண்டுத் தாள், கோடிக்கணக்கான நமக்குக் கிடைக்கவில்லை.

எனவே, யாப்புத் திருத்தம் எதுவாயினும் அது தொடும் மக்களைக் கேட்டே செய்யப்பெறல் வேண்டும். அவர்கள் மொழியிலேயே விளக்கப்பெறல் வேண்டும். சிறுபான்மையர் உரிமையைப் பெரும்பான்மை விழுங்காதவாறு காப்பும் வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

ஆனால், அந்த நாள் வரும்வரை கைகட்டி நிற்பதா? அவாயியர் நமக்குக் காட்டும் வழி அதுவன்று. சட்டம் திறந்த கதவு சிறியது. அவர்கள் கட்டிய குரற்கூடு பெரியது. தமிழுக்கு ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. நம் வீட்டுக் குழந்தை எம் மொழியில் எண்ணுகின்றது, எம் மொழியிற் கணக்குப் போடுகின்றது என்பதற்கு நாள்தோறும் ஒப்போலை இடுகின்றவர் நாமே. அதில் வெற்றிடம் விடுகின்றவன் எதிர்ப்பக்கத்தில் எண்ணப்படுவான். எழுதுக, தமிழர்களே! வெற்றிடம் விடாமல் எழுதுக!