வீட்டு வரைபடத்தில் ஆறாம் வேற்றுமை

பெங்களூரிலோ மைசூரிலோ 30-க்கு 40 அடி மனை ஒன்றை வாங்கி வீடு கட்டத் துணியும் குடும்பம், பொறியாளரிடம் முதலில் சொல்வது ஒரு சுருக்கச் சொல்லைத்தான்: 'மூணு பி.எச்.கே.' இந்தியா முழுவதும் வீட்டின் அளவைக் குறிக்க வழங்கும் இச்சொல்லின் இலக்கணம் வேடிக்கையானது. முன்னால் நிற்கும் எண் படுக்கையறையை மட்டுமே தழுவும். ஹாலும் சமையலறையும் எத்தனை பேர் வாழும் வீட்டிலும் ஒருமையிலேயே நிற்கும். குளியலறைக்கும் துவைக்குமிடத்துக்கும் இதில் எழுத்தே கிடையாது. உறங்கும் அறைகளின் எண்ணிக்கையே வீட்டின் அளவாகிவிட்டதால், விழித்திருக்கும் நேரத்தில் யார் எங்கே என்ன செய்வார்கள் என்ற கேள்வி, முதல் கோடு விழும் முன்பே விடுபட்டுப்போகிறது.

பழைய மைசூர்ப் பகுதியின் தொட்டிமனைகள், நடுவே வானம் பார்த்த முற்றம் கொண்டவை. அவற்றின் பகுதிகளுக்கு வழங்கிய கன்னடப் பெயர்களில் வேறொரு சிந்தனை தெரிகிறது. தெருவை நோக்கிய திண்ணை 'ஜகலி'. அதைத் தாண்டினால் 'படசாலெ'. நடுக்கூடம் 'நடுமனெ'. சமைக்குமிடம் 'அடுகெமனெ'. விறகடுப்பும் வெந்நீர் அண்டாவும் இருந்த குளியலிடம் 'பச்சலுமனெ'. பூசையிடம் 'தேவரமனெ'. 'மனெ' என்றால் வீடு. ஆக, ஒரு வீட்டுக்குள் பல வீடுகள். வங்காளியின் 'ரான்னாகர்', மராட்டியின் 'தேவ்கர்' ஆகியவற்றிலும் இதே சொல்லாக்கம் உண்டு. கன்னடப் பெயர்களைச் சற்று உற்றுநோக்கினால், அவை செயலையோ இருப்பிடத்தையோ சுட்டுவது தெரியும்: சமைப்பது, குளிப்பது, நடுவில் இருப்பது. உடைமையைச் சுட்டும் ஆறாம் வேற்றுமை ஒரே ஒரு பெயரில்தான் வருகிறது. 'தேவர மனெ', கடவுளுடைய வீடு. மனிதர் எவருக்கும் அந்த உருபு வாய்க்கவில்லை.

இன்றைய வரைபடமோ ஆறாம் வேற்றுமையால் நிரம்பியது. மாஸ்டர் பெட்ரூம் தலைவருடையது. சில்ட்ரன்ஸ் ரூம் பிள்ளைகளுடையது. கெஸ்ட் ரூம் ஆண்டுக்குப் பத்து நாள் வரும் விருந்தினருடையது. உருபு கிடைக்காதவர்கள் ஹாலுக்கு வருகிறார்கள். பகலில் பாட்டி தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பதும், நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மகள் இரவு எல்லோரும் உறங்கிய பின் அதே ஹாலின் உணவு மேசையில் புத்தகத்தை விரிப்பதும், ஊரிலிருந்து வந்த சித்தப்பா அதே தரையில் பாய் போடுவதும் பல வீடுகளில் நடக்கிற காரியம். ஹால் பொதுவிடம் என்று சொல்லிக்கொள்கிறோம். நடைமுறையில் அது அறை இல்லாதவர்களின் அறை. சமையலறைக்கும் உருபு இல்லைதான். யாருடையது என்று எழுதத் தேவைப்படாத அளவுக்கு அது முடிவான செய்தி.

இதனால் பழைய வீடு மேலானது என்று ஆகிவிடாது. அதன் இடப்பெயர்களில் மனித உடைமை இல்லை. மனித விலக்கு நிறைய இருந்தது. ஜகலியோடு நிற்க வேண்டியவர் யார், படசாலெ வரை வரலாகிறவர் யார், அடுகெமனெயின் வாசலை மிதிக்கலாகாதவர் யார் என்பதைச் சாதி வகுத்தது. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கியிருக்க ஒரு மூலை இருந்தது. 1898-இல் கொள்ளைநோய்க்குப் பின் உருவான பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற பெங்களூர் விரிவாக்கப் பகுதிகளில், வீட்டு வரிசைகளின் முதுகுப்புறமாக ஓடும் துப்புரவுச் சந்துகளை இன்றும் காணலாம். கழிவறை கொல்லையில், அதைச் சுத்தம் செய்பவர் வர ஒரு பின்வழி, முன்தெருவுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. தளவமைப்பு என்பது எக்காலத்திலும் யாரை எங்கே நிறுத்துவது என்ற தீர்ப்பாகவும் இருந்திருக்கிறது. நாமும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதுகிறோம் என்ற ஓர்மை மட்டும் இல்லை.

30-க்கு 40 மனையின் வழக்கமான தீர்வைப் பார்ப்போம். கீழே கார் நிறுத்துமிடமும் வாடகைக்கு ஒரு சிறு பகுதியும். முதல் தளத்தில் உரிமையாளரின் ஹாலும் சமையலறையும் ஒரு படுக்கையறையும். உள்படிக்கட்டு ஏறினால் மற்ற படுக்கையறைகள். இதன் பொருளாதாரத்தை யாரும் குறைசொல்ல முடியாது. வீட்டுக் கடனின் மாதத் தவணையில் ஒரு பங்கை வாடகை தாங்குகிறது. ஆனால் குடும்பம் மாடியில் வாழ்வதன் விலையை யார் செலுத்துகிறார்கள்? தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிக்கும் ஒரு படியின் பெரும உயரம் 190 மில்லிமீட்டர். அந்த உயரத்திலேயே படி வைத்தாலும், 10 அடி ஏற 17 படிகள் வேண்டும். நாற்பது வயதில் வரைபடத்துக்கு ஒப்புதல் தருபவருக்கு 17 படி என்பது ஓர் எண். மூட்டு தேய்ந்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அது கோயிலுக்குப் போவதா வேண்டாமா, காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுவதா வேண்டாமா, எதிர்வீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை பேசுவதா வேண்டாமா என்ற அன்றாட முடிவு. மெல்ல மெல்ல 'வேண்டாம்' என்பதே விடையாகும். பிறகு அம்மா வெளியே போக விரும்புவதில்லை என்று வீட்டார் சொல்வார்கள். விருப்பம் இல்லாமலா போயிற்று?

வாடகைக்காரரை மாடிக்கு அனுப்பி, வெளிப்புறப் படிக்கட்டு கொடுத்து, குடும்பம் தரைத்தளத்தில் வாழ்ந்தாலும் வாடகை வரத்தான் செய்யும். கீழே வெளிச்சமும் காற்றும் குறைவு என்பார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் சில அடி தூரத்தில் நிற்கும் மனையில் அது நியாயமான மறுப்பு. அதற்கான விடையைத்தான் தொட்டிமனெ வைத்திருந்தது: ஐந்தடிக்கு ஆறடி அளவிலாவது வானத்துக்குத் திறந்த ஓர் இடைவெளி. முப்பது சதுர அடி வீணாகிறதே என்று தயங்கும் குடும்பம், காருக்கு 10-க்கு 16 அடி ஒதுக்கும்போது தயங்குவதில்லை. 10-க்கு 12 அடிப் படுக்கையறையைவிடக் கார் உறங்கும் இடம் பெரிது!

வாஸ்துவின் நிலையும் கவனிக்கத்தக்கது. ஈசானியத்தில் பூசை, அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் தலைவரின் படுக்கை என்பன தாளில் முதலில் குறிக்கப்படுகின்றன; மற்றவை அவற்றுக்கு இசைந்து நகர வேண்டும். நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் அதே தாளில் பாட்டியின் முழங்காலுக்கு ஒரு மூலை குறிக்கப்படுவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். குளியலறைக் கதவை இரண்டரை அடி என்று போட்டுவிட்டால், நிலையின் கனமும் கதவின் கனமும் போக, சக்கர நாற்காலி நுழையப் போதிய இடம் எஞ்சாது. கூடுதலாக ஆறு அங்குலம் கொடுக்க எந்தத் திசையும் தடையில்லை.

சமையலறைக்கு வருவோம். அதே விதித்தொகுப்பு கேட்கும் குறைந்த அளவு 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 அடி அகலம். இருபுறமும் இரண்டடி மேடை போட்டால் நடுவில் எஞ்சுவது இரண்டடி. அதில் ஒருவர் நிற்கலாம். இன்னொருவர் உள்ளே வந்தால் முதலாமவர் விலக வேண்டும். 2019-இல் இந்தியாவில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாருக்காக ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளிக்கு வரைபடம் காரணமன்று. ஆனால் ஒருவருக்கு மட்டுமே இடமுள்ள சமையலறையைக் கட்டிவிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து சமைக்கலாம் என்று பேசுவதில் பொருளில்லை. ஏழடி அகலமும், ஹாலை நோக்கி ஒரு திறப்பும் கொடுத்தால் சமத்துவம் வந்துவிடாது. 'உள்ளே இடமில்லை' என்ற சாக்கு மட்டும் ஒழியும். அதுவே சிறிய காரியமன்று.

வரைபடத்தில் இன்னொருவரும் இல்லை. நாள்தோறும் வந்து பாத்திரம் துலக்கி, தரை துடைத்துவிட்டுப் போகும் பெண். அவர் பின்புறத் துவைக்குமிடம் வழியாக வருவாரா, முன்வாசல் வழியாகவா? எந்தக் கழிவறையைப் பயன்படுத்துவார்? மூன்று படுக்கையறைக்கு மூன்று இணைப்புக் கழிவறை கட்டி, பொதுக் கழிவறையை விட்டுவிட்டால், விடை தெளிவு: எதையும் இல்லை. துப்புரவுச் சந்து மறைந்துவிட்டது. சந்தை உண்டாக்கிய மனம் துவைக்குமிடத்தின் கதவில் நிற்கிறது. தரைத்தளத்தில் ஒரு பொதுக் கழிவறை இருந்தால் அது அவருக்கும் உதவும், இரவில் எழும் தாத்தாவுக்கும் உதவும், விருந்தினருக்கும் உதவும். படுக்கையறை எண்ணிக்கையில் அது சேராது என்பதால்தான் முதலில் வெட்டப்படுகிறது.

இந்தூரில் 1980-களில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. எளியவர்களின் மனைகளில் அடித்தளம், கழிவறை, ஓர் அறை என்ற கருவை மட்டும் கொடுத்து, மீதியைக் குடும்பங்கள் தம் வரவுக்கும் தேவைக்கும் ஏற்ப வளர்த்துக்கொள்ள விட்ட திட்டம் அது. 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. வறியவருக்கு வகுத்த இந்த எண்ணம் நடுத்தர வர்க்கத்துக்கு இன்னும் எட்டவில்லை. கடன் கிடைக்கும் வரை முழுவதையும் ஒரே மூச்சில் கட்டி, அடுத்த முப்பது ஆண்டின் பிறப்பும் மணமும் முதுமையும் இன்றைய அறைப் பெயர்களுக்குள் அடங்கும் என்று நம்புகிறார்கள். இன்று பிள்ளைகளுடையது என்று எழுதப்படும் அறை பதினைந்து ஆண்டில் ஆளின்றிக் கிடக்கலாம். இன்று தலைவர் என்று எழுதப்படுபவர் முப்பது ஆண்டில் படியேற முடியாதவராவார்.

ஆகவே முதல் சந்திப்புக்குப் போகும் குடும்பம் அறைகளின் பட்டியலை வீட்டிலேயே விட்டுவிட்டு, வினைச்சொற்களின் பட்டியலோடு போகலாம்: படித்தல், அரைத்தல், துவைத்துக் காயவைத்தல், மருந்து உண்டு பகலில் படுத்தல், கதவடைத்துத் தொலைபேசியில் பேசுதல், அழுதல், நோயாளியைக் குளிப்பாட்டுதல். ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யார் என்று எழுத வேண்டும். சில எழுவாய்கள் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வரும். சிலர் பெயர் வரவே வராது. அந்தத் தாளைப் பார்த்த பின் எண்ணிக்கை பேசலாம். பணம் கொடுப்பவரும் பொறியாளரும் மட்டும் மேசையில் அமர்ந்தால் இப்பட்டியல் உருவாகாது.

அடித்தளம் தோண்டும் முன் மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். அன்று எல்லா அறைகளும் சிறியவையாகத் தோன்றும் என்பது வீடு கட்டியவர் அனைவரும் அறிந்தது. பூசை முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். கலையும் முன் பாட்டியை அவருடைய அறையிலிருந்து கழிவறை வரை அந்தக் கோடுகளுக்குள் ஒருமுறை நடக்கச் சொல்லலாம். சமையலறைச் சதுரத்துக்குள் இருவர் நின்று திரும்பிப் பார்க்கலாம். மகளைக் கேட்கலாம், மேசை எங்கே என்று. பொடிக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு வேறொன்று போட ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போதும். மறுநாள் மண் தோண்டும் எந்திரம் வந்துவிடும்.