கிணற்றுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

"நல்ல தண்ணீர்க் கிணறு" என்று எமது மக்கள் சொல்லும்போது உவரில்லாத, தெளிந்த நீரையே கருதுகிறார்கள். நாக்கும் கண்ணும் வழங்கிய இந்தச் சான்றிதழ் இன்று போதாது. நாக்குக்குத் தெரியாதவையே இப்பொழுது கூடுதலான கேட்டை விளைவிக்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கியுள்ளது. மழைநீர் விரைந்து இறங்கும் அதே வழியால் தோட்டத்துக்கு இட்ட யூரியாவின் மிகுதியும், மலசலகூடக் குழியின் கழிவும் இறங்குகின்றன. காணிகள் பங்குபோடப்பட்டுச் சிறுத்ததால், ஒரு வீட்டின் மலக்குழி அடுத்த வீட்டின் கிணற்றை நெருங்கிவிட்டது. ஓர் இலீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமை மீறலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துத் தோட்டக் கிராமங்களின் பல கிணறுகள் அதனை மீறியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன.

"கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று நாம் சொல்லி வருகிறோம். வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் அது நல்ல மருந்து. ஆனால் நைத்திரேற்று கொதிப்பதால் அகலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்த நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். ஆகவே, நீரில் இருப்பது என்னவென்று அறியாமல் செய்யும் பரிகாரம் சில வேளைகளில் கேடாகவே முடியும்.

சோதனைகள் நடைபெறாமல் இல்லை. ஆனால் முடிவுகள் கோப்புகளிலேயே தங்கிவிடுகின்றன. அள்ளிக் குடிப்பவருக்கு அவை வந்து சேருவது அரிது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயத்தில் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளிக்கும்வரை மக்கள் காத்திருக்க நேர்ந்தது. தம் கிணற்றின் முன்னைய நிலை பற்றிய பதிவு வீட்டவர் கையிலிருந்தால், இத்தகைய வேளைகளில் அதுவே அவர்களின் முதற் சாட்சியாகும்.

எனவே ஒவ்வொரு கிராமமும் ஒரு கிணற்றுப் பதிவேட்டைத் தொடங்கட்டும். மாரி ஓய்ந்தபின் ஒருமுறையும் கோடையின் முடிவில் ஒருமுறையும் நீர் பார்க்கப்படட்டும். மலக்கிருமி உண்டா என அறிய, 1982 இல் இந்திய ஆய்வாளர் அறிமுகப்படுத்திய தாள்துண்டுப் போத்தல் இருக்கிறது. நீரை ஊற்றி ஓரிரு நாள் வெப்பமான இடத்தில் வைத்தால், கிருமியுள்ள நீர் கறுக்கும். மாதர் சங்கத்தினரோ உயர்வகுப்பு மாணவரோ இதைச் செய்யலாம். கறுத்தவற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மீளச் சோதிக்கட்டும். நைத்திரேற்றுக்கு மாதிரிகள் ஆய்வுகூடம் செல்லவேண்டும். முடிவுகள் வாசிகசாலைப் பலகையில் தொங்கட்டும்.

"கிணறு பழுதென்று பெயர்வந்தால் காணி விலைபோகாது" என்று சிலர் அஞ்சுவர். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. ஒருவர் கிணற்றின் கேடு ஊரின் கேடே. "மாற்று நீர் இல்லாதபோது சோதித்து என்ன பயன்?" என்பது இன்னொரு கேள்வி. எந்தக் கிணறு நல்லதென்று தெரிந்தால், குழந்தையின் பாலுக்காவது அங்கே ஒரு குடம் அள்ளலாம். குழாய்நீரோ மழைநீர்த் தொட்டியோ கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போதும், எண்களோடு போகும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கிணறு வெட்டியவர் எமது முன்னோர். அதன் நீரை அறிந்து காப்பது எமது கடன்.