வாஷர் கேட்டா எம்-சீல் அப்புறாங்கய்யா!

கொஞ்சம் காட்டமான சமாச்சாரம்தான் மக்களே. பைக் ஓட்டாதவங்களும் படிங்க, பின்னாடியாவது உக்காருவீங்க.

போர்ட் பிளேர்ல (2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, எங்க வாய்க்கு இன்னும் பழகலை) எனக்குத் தெரிஞ்ச தமிழ்க் குடும்பங்கள்ல ஸ்கூல், மார்க்கெட், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் ஒரே பைக்தான். இஞ்சினுக்கு அடியில, பழைய ஆயிலை இறக்க ஒரு ட்ரெய்ன் போல்ட் இருக்கும். நான் பாத்த பல வண்டியில அதைச் சுத்தி எம்-சீல் அப்பியிருக்கு! கேட்டா ஒரே பதில்: "அண்ணே, இது தீவுண்ணே. சாமான் கப்பல்ல வரணும்."

இந்தப் பதிலைக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஆயிலை அடைக்கிறது போல்ட்டோட மரை இல்லீங்க, வாஷர். செம்பு இல்லேன்னா அலுமினியம். இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை மூடிக்கும். ஒரு தடவை நசுங்கினது மறுபடி சரியா நசுங்காது. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும்ங்கிறது. பழசையே போட்டா கசியும். கசிஞ்சா நம்மாளு என்ன செய்வார்? ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி இன்னும் இறுக்குவார்.

சின்னக் கணக்கு. பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு மேனுவல் சொல்றது 20-லேர்ந்து 30 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. ஸ்பேனரை 12 கிலோ பலத்துல இழுத்தா சுமார் 24. அதே பலத்தை அரை மீட்டர் பைப்புல காட்டினா 59! போல்ட் இரும்பு, இஞ்சின் கேஸ் அலுமினியம். எது தோக்கும்? கேஸோட மரை உருவிக்கிட்டு வந்துடும்.

அப்புறம் ஆரம்பிக்கும் கூத்து. முதல்ல டெப்லான் டேப். அது கூம்பு மரை உள்ள தண்ணிக் குழாய்க்குய்யா! அடுத்து சிலிக்கான் பேஸ்ட். உள்ளே பிதுங்கினது ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். கடைசியில எம்-சீல். மரை போன போல்ட் ஓடும்போது கழண்டா ஆயில் பின் டயர்லதான் கொட்டும். மழை ரோடு, பின்னாடி பொண்டாட்டி, புள்ளை. நினைச்சுப் பாருங்க.

"பாவம், சாமான் கிடைக்காத மெக்கானிக் என்ன செய்வார்?"னு சிலர் கேப்பீங்க. சென்னையிலேர்ந்து கப்பல் வர மூணு நாளாகும், வாஸ்தவம். இஞ்சின் கேஸுக்குக் காத்திருக்கணும், அதுவும் வாஸ்தவம். ஆனா வாஷருக்கு? செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டா திரும்ப இளகிடும், கடைக்கே போகவேணாம். மரை போயிருந்தாலும் ஹெலிகாயில் சுருள் போட்டுக் காப்பாத்தலாம், பிசிறு உள்ளே விழாம பாத்துக்கணும், அவ்வளவுதான். சாமான் வராத ஊர்லதான் இருக்கிற சாமானைப் பத்திரமா வெச்சுக்கணும். தீவுங்கிறதை ஒட்டுப்போடறதுக்குச் சாக்காச் சொன்னா எப்படி?

அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது பக்கத்துலயே நில்லுங்க. இஞ்சின் லேசா சூடா இருக்கட்டும். ரிங் ஸ்பேனர்தான் போடணும். கேஸோட வாயைத் துடைச்சு, புது வாஷர் போட்டு, முதல் நாலு சுத்தைக் கையாலேயே திருகச் சொல்லுங்க. பைப்பை எடுத்தா பிடுங்கி வெச்சுக்குங்க :-) பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்த விடாதீங்க, அது கடலுக்குத்தான் போகும்.

ஊர்லேர்ந்து யாராவது வந்தா முறுக்கு, ஊறுகாய் சொல்லி அனுப்புறோம்ல? அதோட உங்க வண்டிக்குச் சரியான அளவுல பத்து வாஷரும் சொல்லுங்க. சட்டைப் பையிலேயே வந்துடும்.