பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நண்பகல் வேளை, கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் விமான நிறுவனப் பெண் அதிகாரி ஒருவருடன் நான் வாக்குவாதப்பட்டேன். லண்டனிலிருந்து தனியே வந்திறங்கிய என் மருமகளின் 9 வயது மகளை என்னிடம் ஒப்படைக்க அவர் மறுத்தார். பிள்ளையைப் பொறுப்பேற்பவர் என்று படிவத்தில் என் பெயரே இருந்தது. ஆனால் அதில் எழுதப்பட்டிருந்த அடையாள அட்டை இலக்கம் வேறு, என் கையிலிருந்த அட்டையின் இலக்கம் வேறு.

நடந்தது இதுதான். 9 இலக்கங்களும் 'வி' என்ற எழுத்தும் கொண்ட எனது பழைய தேசிய அடையாள அட்டை தொலைந்துபோனது. பதிலாகக் கிடைத்த புதிய அட்டையில் 12 இலக்கங்கள். மருமகளோ முன்னொரு தேவைக்காக நான் அனுப்பிய பழைய அட்டையின் பிரதியைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிவிட்டாள். இலக்கம் மாறியதை அவளுக்குச் சொல்ல மறந்தவன் நான். இருந்தும் கோபம் அந்த அதிகாரி மீதே வந்தது. "நான் முப்பது வருடப் பத்திரிகையாளன்" என்று சொல்லுமளவுக்கு இறங்கிப்போனேன். அவர் அதற்கு மயங்கவில்லை. "ஐயா, தாயாருடன் பேசாமல் பிள்ளையைத் தர முடியாது" என்று மாத்திரம் அமைதியாகச் சொன்னார்.

அந்த அரை மணித்தியாலக் காத்திருப்பில், அதே விமான நிலையத்தில் 1998 ஆம் ஆண்டு நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. கோபம் மெல்ல அடங்கியது. அதுபற்றி இதுவரை நான் எழுதியதில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் பத்திரிகையாளர் பயிற்சியொன்றுக்காகப் பாரிசுக்குப் புறப்பட்டேன். முதல் வெளிநாட்டுப் பயணம். புறப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒரு தாய் அருகே வந்தார். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் மாதக்கணக்காகத் தங்கி விசாவுக்காகக் காத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண். கைப்பிடியில் 8 வயதுச் சிறுவன். பையனுக்கு விசா கிடைத்துவிட்டது. தாயின் பத்திரமொன்றில் பெயர்ப் பிழை இருந்ததால் அவருக்குத் தாமதம். பிரான்சில் செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்குமுன் மகனையாவது அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம்.

"தம்பி, நீங்களும் பாரிசுக்கோ? இவன் தகப்பனிட்டைப் போறான். ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ. உங்களோடை வாறவன் எண்டு சொன்னாக் காணும்."

சொன்னேன். கருமபீடத்தில் இருந்தவர் "உங்களுடன் வருபவரா?" என்று கேட்டபோது "ஓம்" என்றேன். ஒரு தாய்க்கு உதவினேன் என்ற திருப்தியோடு விமானம் ஏறினேன்.

வளைகுடா நகரொன்றில் விமானம் மாற வேண்டும். கொழும்பிலிருந்து தாமதமாகப் புறப்பட்டதால் அடுத்த விமானம் எங்களை விட்டுப் போய்விட்டது. பயணிகளை இரவு தங்கவைக்க விடுதிக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாயிற்று. வெளியே போவதற்கான அனுமதிக்காக வரிசையில் நின்றபோது அதிகாரி என்னிடம் கேட்டார்: "இந்தப் பிள்ளை உமக்கு என்ன முறை?" உறவில்லை என்றேன். தாயின் கடிதம் உண்டா என்றார். இல்லை. தகப்பனின் தொலைபேசி இலக்கம்? பையனின் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அந்த இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடித்தது, எடுப்பாரில்லை. தகப்பன் அந்நேரம் பாரிஸ் விமான நிலையத்தில் மகனுக்காகக் காத்துநின்றிருப்பார். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருந்த காலமல்ல அது.

பின்னர் அங்கு பணியாற்றிய மலையாளி ஒருவர் மூலம், எனக்கு முன்பாகவே பையனிடம் கேட்டார்கள்: "இவரை உனக்குத் தெரியுமா?" அவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "தெரியாது."

அவன் சொன்னது உண்மை. அவனை வேறொரு அறைக்கு அழைத்துச் சென்றார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவன் அழுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தகப்பன் வீடு திரும்பித் தொலைபேசியை எடுக்க நள்ளிரவு கடந்துவிட்டது. மறுநாள் காலை விமான நிறுவன ஊழியர் ஒருவரின் பொறுப்பில் அவனை ஏற்றினார்கள். பாரிசில் தகப்பனின் கையில் அவன் சேர்வதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். அருகே போய்ப் பேசும் துணிவு வரவில்லை. அன்று பிள்ளை போய்ச் சேர்ந்ததற்கு, என்னை நம்பாத அந்த அதிகாரிகளுக்கே நன்றி சொல்ல வேண்டும். நான் நல்லவன் என்பது தற்செயல். அந்தத் தாய்க்கு அதை அறிய வழியே இருக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெரிந்தவர் என்ற சொல்லின் மீது எங்கள் சமூகத்துக்கு அளவுகடந்த நம்பிக்கை. யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் அனுப்பவும் தெரிந்தவர், கொழும்பில் அறை எடுக்கவும் தெரிந்தவர். போர்க்காலத்தில் பல குடும்பங்கள் பிள்ளைகளையும் அப்படித்தான் அனுப்பின. முகம் தெரியாத ஏஜன்சிக்காரனிடம், அவனைத் தெரிந்த ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி, பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கையளித்தார்கள். உயிர் தப்பினால் போதும் என்ற நிலையில் எடுத்த முடிவுகள் அவை. அவற்றை இன்று சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு குறைசொல்ல நான் தயாரில்லை. உலகில் நாம் மட்டும் அப்படிச் செய்தவர்களுமல்லர். 1960 முதல் 1962 வரை 14,000 க்கும் அதிகமான கியூபச் சிறுவர்கள் பெற்றோரின்றி மயாமிக்கு விமானமேற்றப்பட்டார்கள். அச்சம் பெற்றோரை எதுவும் செய்யவைக்கும்.

ஆனால் அந்த அச்சம் நீங்கிய பின்னரும் பழக்கம் நீங்கவில்லை என்பதே என் முறைப்பாடு. இன்று பிள்ளைகள் தனியே பறப்பதற்கான காரணங்கள் வேறு. தாய் லண்டனில் தாதியாக வேலை செய்கிறாள், லீவு கிடைப்பதில்லை. அம்மம்மா யாழ்ப்பாணத்தில் முழங்கால் வலியோடு இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவும் அங்குள்ள பள்ளி விடுமுறையும் ஒரே காலத்தில் வருகின்றன. பெற்றோர் பிரிந்து வாழ்வதால் ரொரன்ரோவில் பாதியும் லண்டனில் பாதியுமாக வளரும் பிள்ளைகளும் எங்களிடையே உண்டு. பயணம் தேவையானதுதான். அதை எப்படி ஒழுங்கு செய்வது என்பதில்தான் பலர் இன்னமும் 1998 இல் நிற்கிறார்கள். "அந்த விமானத்தில் எங்கடை ஆக்கள் ஆராவது வருவினம்" என்கிறார்கள்.

துணையின்றிப் பயணிக்கும் சிறுவருக்கென விமான நிறுவனங்கள் பலவற்றில் தனிச் சேவை உண்டு. பொதுவாக 5 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை. 5 முதல் 11 வரையான வயதினர் இச்சேவையைப் பெற்றே ஆகவேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. 12 ஐத் தாண்டியவர்களுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. எல்லா நிறுவனங்களும் இதைச் செய்வதில்லை. பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 2016 இல் இச்சேவையை நிறுத்திவிட்டது. ரையன்எயார் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள் 16 வயதுக்குட்பட்டவர்களைத் தனியே ஏற்றுவதில்லை. ஆகவே பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் கேட்கவேண்டும். இணையத்தில் மலிவாக வாங்கிவிட்டுப் பின்னர் கேட்பது வீண் செலவில் முடியும். ஒரு விமானத்தில் இத்தனை சிறுவர் என்ற வரையறையும் இருக்கும். இயன்றவரை நேரடி விமானத்தையே தெரிவு செய்யுங்கள். நடுவழியில் விமானம் மாறுவதே இத்தகைய பயணங்களில் ஆபத்தான கட்டம் என்பதை நான் பட்டறிந்தவன்.

அடுத்தது படிவம். பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவர் யார், இறங்குமிடத்தில் பொறுப்பேற்பவர் யார் என்பதைப் பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள இலக்கம் ஆகியவற்றோடு எழுதவேண்டும். கொண்டுவந்தவர் ஒப்பமிட்டு ஊழியரிடம் ஒப்படைக்கிறார். ஊழியர் விமானப் பணியாளரிடம் ஒப்படைக்கிறார். இறங்கியதும் மற்றோர் ஊழியர் பொறுப்பேற்று, வெளியே காத்திருப்பவரின் அட்டையைப் பார்த்து, ஒப்பம் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுக்கிறார். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவரின் பெயர் பதிவாகிறது. விமானம் மேலெழும்வரை விட்டவர் நிலையத்தை விட்டுப் போகக்கூடாது என்றும் சொல்வார்கள். புறப்பட்ட விமானம் திரும்பி வந்தால் பிள்ளையை ஏற்க ஆள் வேண்டுமல்லவா?

இவற்றோடு பெற்றோர் இருவரும் ஒப்பமிட்ட சம்மதக் கடிதமும் பிள்ளையின் பையில் இருக்கவேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர் இதில் மிகுந்த கவனம் எடுக்கவேண்டும். ஒரு பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளையை நாடு கடத்திச் செல்வது தொடர்பான 1980 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்துக்கு இலங்கை 2001 இலேயே சட்டவடிவம் கொடுத்துவிட்டது. என் மருமகளும் கணவனும் பிரிந்தே வாழ்கிறார்கள். எத்தனையோ விடயங்களில் ஒத்துப்போகாத அவ்விருவரும் அந்தக் கடிதத்தில் ஒன்றாக ஒப்பமிட்டார்கள்.

செலவு அதிகம் என்பது பலர் சொல்லும் காரணம். உண்மைதான். அமெரிக்காவில் டெல்டா, யுனைட்டட், அமெரிக்கன் ஆகிய நிறுவனங்கள் ஒரு வழிக்கு 150 டொலர் அறவிடுகின்றன. ஆனால் சாமத்தியச் சடங்குக்கு ஹெலிகொப்டர் பிடிக்கும் சமூகம் இந்தத் தொகையில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வசதி குறைந்த குடும்பங்களுக்கு நான் சொல்வது, பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்பதே.

பணம் கட்டினாலும் தவறு நடக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. நடக்கும். 2023 டிசெம்பரில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஃபோர்ட் மயர்ஸ் நகருக்குத் தனியே அனுப்பப்பட்ட 6 வயதுச் சிறுவன் ஒருவன் தவறான விமானத்தில் ஏற்றப்பட்டு ஒர்லாண்டோவில் இறங்கினான். காத்திருந்த பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும்! ஆயினும் அந்தத் தவறுக்குப் பதில் சொல்ல ஒரு நிறுவனம் இருந்தது. மன்னிப்புக் கேட்டது, விசாரணை நடத்தியது. 1998 இல் என் பொறுப்பில் வந்த பையன் காணாமற் போயிருந்தால் அந்தத் தாய் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்? என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விமான நிலையத்தில் முன்பின் அறியாத ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டால், மறுத்துவிடுங்கள். இரக்கமில்லாதவர் என்று நினைத்தால் நினைக்கட்டும். அவரை அழைத்துச் சென்று கருமபீடத்தில் பேச உதவுங்கள், படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பக்கத்து ஆசனத்தில் அந்தப் பிள்ளை இருந்தால் கதைசொல்லிக்கொண்டு போங்கள். பொறுப்பாளி என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை கடத்தல்காரரும் அதே பொய்யைத்தான் சொல்கிறார்கள். அதிகாரிக்கு இருவரையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை.

பிள்ளையைத் தயார்படுத்துவது பெற்றோரின் வேலை. "நித்திரை கொண்டு எழும்ப அம்மம்மா நிப்பா" என்று ஏமாற்றி ஏற்றாதீர்கள். ஏறத்தாழ 11 மணித்தியாலம் தனியே இருக்கவேண்டும் என்பதைச் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கமொன்றை மனனம் செய்ய வையுங்கள். சீருடைப் பணியாளர் சொல்லாமல் யாருடனும் போகக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பொறுப்பேற்கப் போகிறவரின் முகத்தைப் பிள்ளைக்குப் பழக்குங்கள். என் மருமகள் பயணத்துக்கு முந்திய இரு வாரங்களும் ஒவ்வொரு மாலையும் வட்ஸ்அப்பில் என் முகத்தை மகளுக்குக் காட்டினாள். எனக்கு அது அப்போது மிகையாகப்பட்டது.

இனி அந்த வருகைக் கூடத்துக்குத் திரும்புகிறேன். அதிகாரி லண்டனுக்குத் தொலைபேசி எடுத்துத் தாயுடன் பேசினார். பழைய அட்டை, புதிய அட்டை விபரங்களைக் குறித்துக்கொண்டார். அதன் பின்னரும் திருப்தியடையாதவராகப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, என்னைக் காட்டி, ஆங்கிலத்தில் கேட்டார்: "இவர் யார்?"

26 வருடங்களுக்கு முன் கேட்ட அதே கேள்வி. எனக்கு நெஞ்சு படபடத்தது.

"கொழும்புத் தாத்தா" என்றாள் பேத்தி, தன் லண்டன் தமிழில். "ஃபோனில இருக்கிறதை விட வயசு போயிட்டுது."

அதிகாரி அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். படிவத்தை என் பக்கம் திருப்பி, ஒப்பமிடவேண்டிய இடத்தைக் காட்டினார். ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் கீழ் என் பெயரை எழுதியிருக்கிறேன். அன்று அந்தக் கோட்டின் மேல் எழுதியபோது இருந்த கவனம் அவற்றில் எதற்கும் இருந்ததில்லை. வாக்குவாதப்பட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா, சண்டை பிடிக்காமல் போகிறவர்களைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம்" என்றார் அவர்.